முதல் சுற்றில் முன்னால் ஓடியவளுக்கும் மற்றவர்களுக்கும்

முக்கூடல்காரர்களுக்கும் பாளையங்கோட்டை மைதானத்து உறவுகளுக்கும் வணக்கம்.

14 வருஷம் 800 மீட்டர், அதாவது மைதானத்தில் இரண்டு சுற்று, ஓடிவிட்டு, போன மாதம் ஸ்பைக்ஸை (ஆணி வைத்த ஓட்டக் காலணியை) கழற்றி வைத்துவிட்டேன். மாநிலப் போட்டியில் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. என் சிறந்த நேரம் 2 நிமிடம் 7 விநாடி. கேரளத்து ஓட்டக்காரி டிண்டு லூக்கா 2010-இல் தேசிய சாதனையாக ஓடியது 1:59.17. அவர் முடிவுக் கோட்டைத் தொடும்போது நான் இன்னும் ஐம்பது மீட்டர் பின்னால் ஓடிக்கொண்டிருப்பேன். அதனால் போஸ்டர் கீஸ்டர் அடிக்க வேண்டாம். ஆனால் நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

அம்மாவிலிருந்துதான் தொடங்கணும். பீடி சுற்றச் சொளகை மடியில் வைத்தால் ராத்திரி பத்து மணிக்குத்தான் இறக்குவாள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. விரல் நின்றால் கூலியும் நிற்கும். என் முதல் ஸ்பைக்ஸுக்குப் பீடிக்கடை அண்ணாச்சியிடம் முன்பணம் வாங்கினாள். அண்ணாச்சி பாதியைக் கூலியில் பிடித்தார், மீதியைக் கேட்கவே இல்லை. நோட்டில் இன்னும் எழுதி வைத்திருக்கிறாரோ என்னவோ!

அஞ்சு மணி பஸ் கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி. நான் தெருமுனையில் ஓடி வருவது தெரிந்தால் விசில் கொடுக்க மாட்டார். "ஏட்டி, இங்கயே ஓட்டப் பந்தயம் முடிஞ்சிட்டா, ஏறு" என்பார். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு நான் அரை டவுசரில் ஓடுவது கடைசிவரை பிடிக்கவில்லை. திட்டிக்கொண்டேதான் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றி உளுந்தங்களி கிண்டித் தருவாள். "இடுப்பு எலும்பு தேஞ்சிரும், தின்னுட்டுப் போ." ஆச்சி இப்போது இல்லை.

நடுவில் ஒரு வருஷம் முன்னங்கால் எலும்பு வலித்தது. ஓரிடத்தில் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி டாக்டர்தான், மயிரிழை விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும் என்று சொல்லி, எட்டு வாரம் ஓடக்கூடாது என்று உட்கார வைத்தார். அப்போது அவர்மேல் வந்த கோபத்துக்கு இப்போது மன்னிப்பு.

அப்புறம் பி.டி. சார். துப்பாக்கி வெடித்ததும் பேய் மாதிரி ஓடுவது என் வியாதி. முதல் சுற்றை 59 விநாடியில் முடித்துவிட்டு, கடைசி நூறு மீட்டரில் ஆட்டுக்கல்லைக் காலில் கட்டிய மாதிரி நிற்பேன். எல்லோரும் தாண்டிப் போவார்கள். சார் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, 800 மீட்டர் ஓடிய ஸ்ரீராம் சிங் கதை சொல்வார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் முதல் சுற்று முடியும்போது நம்ம ஆள்தான் முன்னால். அந்த வேகத்தில் கியூபாவின் ஹுவான்டொரீனா 1:43.50 ஓடி உலக சாதனை படைத்தார். ஸ்ரீராம் ஏழாவது. ஆனால் அன்று அவர் ஓடிய 1:45.77, 2018-இல் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடும்வரை, 42 வருஷம் இந்திய சாதனையாக நின்றது. "முன்னால ஓடுனவன் தோத்தான்னு நெனைக்காத, ஆனா நீ முதல் சுத்த 62 விநாடில போ" என்பார் சார். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத புத்திமதி. ஆனாலும் எனக்கு இரண்டுமே உதவின.

கடைசியாக அக்கா. பேர் போட்டால் திட்டுவாய், போடவில்லை. நாலு வருஷம் பயிற்சியில் எனக்கு முன்னால் ஓடி, கடிகாரம் பார்க்காமலே 62-ஐக் காட்டியவள் நீ. என் முதல் தங்கம் வாங்கிய அந்த இறுதிப் போட்டியில் நீயும் ஓடினாய். அவரவர் பாதையிலேயே ஓட வேண்டிய தூரம் முடிந்ததும் உள்ளே வந்து முன்னால் போனாய். நான் உன் தோளுக்குப் பின்னால் காற்றுப் படாமல் ஒட்டிக்கொண்டேன். முதல் சுற்று முடிந்து மணி அடிக்கும்போது சரியாக 62. மூன்றாவது வளைவில் உன்னைத் தாண்டினேன். நீ கடைசியாக வந்தாய்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது முறுக்கு வாங்கிக் கொடுத்தாயே தவிர, அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு உன் ஓட்டத்தை ஓடினாயா, என் ஓட்டத்தையா? பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாய்தானே. ஆற்றங்கரைக்கு வா, மெதுவாக ரெண்டு சுற்று ஓடுவோம். அப்போது கேட்கிறேன்.