‘ஆபத்து இல்லை’ என்று யார் எழுதியது?

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அரசியல் அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு, அப்புறம் அறிவியல் தொடர்பியலும் (அறிவியலை மக்களுக்குப் புரியும்படி சொல்லும் துறை) படித்தவன் நான். இரண்டு துறைக்கும் ஒரே கட்டடம். கீழ்த்தளத்தில் அரசமைப்பு, தேர்தல், கூட்டணி. வகுப்பில் நிகழ்தகவு அட்டவணை வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். மாடியில் எளிய நடை, பொருத்தமான உவமை. அறிக்கையை யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்ற பேச்சே எழாது.

லாக்விலா வழக்கை எந்தத் தளத்தில் நடத்துவீர்கள்?

இத்தாலியின் அந்த நகரத்தில் 2009 தொடக்கத்தில் சிறு நில அதிர்வுகள் வந்துகொண்டே இருந்தன. மார்ச் 31 அன்று நிபுணர் குழு அங்கே கூடியது. கூட்டம் தொடங்கும் முன்பே குடிமைப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவர் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்துவிட்டார்: ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது, அதனால் ஆபத்து இல்லை என்று அறிவியலாளர்கள் சொல்கிறார்களாம். நிலநடுக்கவியல் அப்படிச் சொல்லவில்லை. அதிர்வு வந்தால் இரவை வெளியே கழிப்பது அந்த ஊர்க்காரர்களின் பழைய வழக்கம். இந்தப் பேச்சை நம்பிச் சிலர் வீட்டுக்குள்ளேயே படுத்தார்கள். ஏப்ரல் 6, அதிகாலை 3.32: பெரிய நிலநடுக்கம். இறந்தவர்கள் 309 பேர்.

2012இல் ஆறு நிபுணர்கள், அந்த அதிகாரி என ஏழு பேருக்குச் சிறைத்தண்டனை. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லாததற்காகத் தண்டனை என்று உலகம் முழுக்கச் செய்தி போனது; அது தவறு. மக்களுக்கு என்ன சொன்னார்கள், ஆபத்தை எப்படி எடைபோட்டார்கள் என்பதுதான் வழக்கு. 2014 மேல்முறையீட்டில் ஆறு நிபுணர்கள் விடுதலையானார்கள். பேட்டி கொடுத்த அதிகாரிக்குத் தண்டனை குறைந்தது, நீங்கவில்லை.

‘வாய்ப்பு குறைவு’ என்பது ‘ஆபத்து இல்லை’ ஆக மாறிய அந்த இடத்தைப் பாருங்கள். மொழிப் பிழை என்று மாடியில் சொல்வார்கள். ஊரை அமைதிப்படுத்தவே அந்தக் கூட்டம் கூட்டப்பட்டது என்று கீழே சொல்வார்கள். இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் நடந்தவை.

எனவே இரு துறை மாணவர்களும் சேர்ந்து உட்காரும் கட்டாயத் தாள் ஒன்று வேண்டும். விருப்பப் பாடமாக வைத்தால் எல்லோரும் சுலபமான வேறொன்றுக்குப் போய்விடுவார்கள் (நானும் அப்படித்தான் போயிருப்பேன்). ஒரு சிறப்புப் பேச்சாளர், ஒரு மதிய உணவு, அதைப் ‘பல்துறைக் கல்வி’ என்று கணக்கு காட்டவும் வேண்டாம்.

தேர்வும் எழுத்துத் தேர்வாக இருக்க வேண்டியதில்லை. முடிவு தெரியாத ஒரு விஷயத்தைக் கொடுங்கள். இரு துறையிலிருந்தும் இரண்டிரண்டு பேர் சேர்ந்து ஒரு பக்க அறிவிப்பு எழுதட்டும். அதை வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியரும், எந்தத் துறையையும் சேராத ஒரு குடியிருப்புவாசியும் கேள்வி கேட்கட்டும். ‘இன்று ராத்திரி நான் வீட்டில் படுக்கலாமா?’ என்று அவர் கேட்டால் நால்வரும் பதில் சொல்லியாக வேண்டும்.

கிரெடிட் எந்தத் துறைக் கணக்கில் ஏறும் என்று துறைத் தலைவர்கள் கேட்பார்கள். பாதிப் பாதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு தளத்திலும் படித்த பழைய மாணவன்