பெரணிக்குப் பெரிய தொட்டி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பின் வீட்டுச் செடிக் குறிப்பில், பெரணியை (ஃபெர்ன்) ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிட்டால் அடிக்கடி மாற்றும் வேலை மிச்சம் என்று எழுதியிருந்தது. அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட்டு ஒரு பாஸ்டன் பெரணியைக் கொன்றவன் நான். 6 அங்குலத் தொட்டியில் இருந்ததை 12 அங்குலத் தொட்டிக்கு மாற்றினேன். வேர் எட்டாத மண்ணில் ஈரம் காயவே இல்லை. இலை மஞ்சளானதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மூன்றாவது வாரம் எடுத்துப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து, கொழகொழவென்று கையோடு வந்தது.

இப்போது வளர்ப்பதை, அடித்துளையில் வேர் எட்டிப் பார்த்த பிறகுதான் மாற்றுகிறேன். புதிய தொட்டி பழையதைவிட 2 அங்குலம் அகலம் கூடுதல், அவ்வளவுதான். முந்தைய நாளே நன்றாகத் தண்ணீர் விட்டுவைத்தால் வேர்க்கட்டி உடையாமல் வழுக்கிக்கொண்டு வரும். வட்டமடித்திருக்கும் வேரை விரலால் லேசாகப் பிரித்துவிட வேண்டும். தேங்காய் நார்க்கழிவும் இலைமக்கும் கலந்த பொலபொலப்பான கலவை போதும். இலைகள் கிளம்பும் நடுப்பகுதி மட்டும் முன்பிருந்த மட்டத்திலேயே இருக்கட்டும், புதைத்தால் அழுகிவிடும். அப்புறம் ஒரு மாதத்துக்கு உரம் பக்கமே போகக் கூடாது.

சரி, தொட்டியாவது போகட்டும். இலையின் பின்பக்கத்தில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் பூச்சி, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள் என்றும் அதே குறிப்பில் இருந்ததே! பெரணி பூக்காது, காய்க்காது. அது இனம் பெருக்குவது வித்துத்தூளால் (ஸ்போர்); பெரும்பாலும் அந்தப் புள்ளிகளில்தான் அந்தத் தூள் இருக்கும். தையல் போட்டதுபோல வரிசை பிசகாமல் இருந்தால் அது வித்து. பறவைக்கூட்டுப் பெரணியில் மீன்முள் மாதிரி கோடு கோடாக ஓடும். தாறுமாறாக ஒட்டிக்கொண்டு, நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வந்து, இலையும் பிசுபிசுத்தால்தான் செதில்பூச்சி. இது தெரியாமல் ஒரு மாலை முழுக்கப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்தக் கோடுகளைத் தேய்த்திருக்கிறேன். கோடும் போகவில்லை, இலைதான் கிழிந்தது. விரலெல்லாம் காப்பிப்பொடி நிறத்தில் தூள். வீட்டில் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அடுத்த முறை தொட்டி அளவை அங்குலத்திலேயே போட்டு, வித்துக்கும் பூச்சிக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு படமும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பெரணி வளர்க்கும் வாசகர் ஒருவர்