பெரியவர்களுக்கும் ஓர் ஊஞ்சல் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூத்தோர் துடிப்புடன் இருப்பது பற்றி அண்மையில் வந்த செய்தியைப் படித்தேன். நடை, உடற்பயிற்சி, இரத்த அழுத்தச் சோதனை எல்லாம் சரி, விளையாட்டு எங்கே? சறுக்குமரத்தில் ‘5 முதல் 12 வயது வரை’ என்று பலகை, பக்கத்திலேயே பெரியவர்களுக்கு மிதிக்கும் கருவி. சிங்கப்பூரின் தோ பாயோவில் 1979ல் கட்டிய டிராகன் விளையாட்டு மைதானத்தில் அன்று சறுக்கிய பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தொட்டிருப்பார்கள், போனால் படம் எடுப்பதோடு சரி, சறுக்க வெட்கம்!

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி, பச்சைப்பயறு வைத்துத் தைத்த சின்னத் துணிப்பைகளான ஐந்து கல்லைப் பேத்தியிடம் வாங்கி வீசிக் காட்டப் போய், முட்டிவலியை மறந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுச் சீன மாதும் சேர்ந்துகொள்ள, பேத்திக்குக் கடைசிவரை முறை வரவே இல்லை. மைதானங்களைப் புதுப்பிக்கும்போது நகர மன்றங்கள் பெரியவர்களின் எடை தாங்கும் ஊஞ்சல் ஒன்றிரண்டு போடலாம். சமூக மன்றங்கள் வாரம் ஒரு மாலையைப் பல்லாங்குழிக்கும் ஐந்து கல்லுக்கும் ஒதுக்கலாம். பரிசு, சான்றிதழ் மட்டும் வேண்டாம், அப்புறம் அதற்கும் பயிற்சி வகுப்பு தொடங்கிவிடுவார்கள்.

- ஒரு வாசகர், ஈசூன்