சித்தப்பாவுக்கு: லேக் ஃபோர்க்கில் பாஸ் மீன் நிற்கும் இடம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். குறுவை நடவு முடித்துவிட்டு ஆடியில் இங்கே வருகிறீர்கள் என்று அம்மா சொன்னார். ஏரிக்கு மீன் பிடிக்கக் கூட்டிப் போவாயா என்று கேட்டீர்களாமே. கட்டாயம் போவோம். டல்லாஸுக்குக் கிழக்கே லேக் ஃபோர்க் என்ற அணைத் தேக்கம் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் மிகப் பெரிய பாஸ் மீன் 1992 ஜனவரியில் அங்கேதான் சிக்கியது. 18.18 பவுண்டு, நம் கணக்கில் எட்டேகால் கிலோ.

பாஸும் நம்ம விரால் போலத்தான். வாய் பெரிது, பதுங்கி நின்று பாயும், ஆண் மீன் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இருக்கும். ஆனால் விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுச் சேற்றுக் குட்டையிலும் பிழைத்துக்கொள்ளும். பாஸுக்கு அது முடியாது. ஆடி வெயிலில் இங்கே மேல்தண்ணீர் சூடாகி, குளிர்ந்த தண்ணீர் அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். பெரும்பாலும் 15 முதல் 25 அடிக்குள் அந்த அடுக்கு தொடங்கும். அதற்குக் கீழே ஆக்சிஜன் கிட்டத்தட்ட கிடையாது. படகில் சோனார் என்று, ஒலி அனுப்பி அடியில் இருப்பதைக் காட்டும் கருவி உண்டு; அதன் திரையில் அந்த அடுக்கின் மேல்விளிம்பு மங்கலான கோடாகத் தெரியும். கோட்டுக்குக் கீழே தூண்டில் போடுவது வீண்.

மேட்டூரில் நீர் இறங்கினால் பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி தலைகாட்டுமே, அதுபோல இங்கேயும் பழைய ஓடை, ஓடைக்கரை, வெட்டாமல் விட்ட மரங்கள் எல்லாம் தண்ணீருக்கடியில் இருக்கின்றன. பாஸுக்கு அந்த ஓடைதான் தெரு. ஓடை வளைந்து மேட்டை உரசும் இடம், இரண்டு ஓடைகள் கூடும் இடம், கரையிலிருந்து மூக்குப் போல நீண்டு சட்டென்று ஆழத்தில் இறங்கும் மேடு, இங்கெல்லாம் நிற்கும். மதகடியிலும் வாய்க்கால் பிரியும் முனையிலும் நீங்கள் போடுவீர்களே, அதே கணக்கு. சமதரையில் கிடக்கும் நூறு கட்டைகளைவிட வளைவு விளிம்பில் நிற்கும் ஒரு கட்டை மேல். புதிதாக வருபவர்கள் கட்டையை மட்டும் பார்த்து ஏமாந்து போவார்கள்.

தூண்டில் கட்டுவது இப்படி: 15 பவுண்டு இழுவை தாங்கும் தூண்டில் நரம்பில் முதலில் தோட்டா வடிவ எடையை, 10 கிராம் அளவில், கோக்க வேண்டும். பிறகு முள்ளைக் கட்ட வேண்டும். ஏழெட்டு அங்குல ரப்பர் புழுவின் தலையில் முள் நுனியைக் கால் அங்குலம் செலுத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் கண் வரை ஏற்றித் திருப்பி, நுனியைப் புழுவின் உடம்புக்குள் புதைத்துவிட வேண்டும். அப்போதுதான் கட்டையில் மாட்டாது. புழு நேராகத் தொங்கணும். கொஞ்சம் கோணினாலும் தண்ணீரில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

படகை ஆழத்தில் நிறுத்தி, மேட்டின் மேல் எறிந்து, சரிவில் மெல்ல இழுத்து இறக்குங்கள். சேறு என்றால் எடை ஒட்டிக்கொண்டு வரும், சரளை என்றால் கரகரவென்று கைக்குத் தெரியும், மரம் என்றால் கனத்து நின்று பிறகு சட்டென்று விடுபடும். விடுபட்டதும் ஒரு நொடி நிறுத்துங்கள். பாதிக் கடி அங்கேதான். டக் டக்கென்று இரண்டு தட்டு, அல்லது நரம்பு பக்கவாட்டில் நகரும்.

விராலுக்குத் தவளை கட்டினால் விழுங்கட்டும் என்று காத்திருப்போம். இங்கே அது கூடாது. காத்திருந்தால் முள் தொண்டைக்குள் போய், திருப்பி விட வேண்டிய மீன் செத்துப்போகும். தளர்ந்த நரம்பைச் சுற்றிவிட்டு உடனே ஓங்கி மேலே இழுக்க வேண்டும்.

ஏன் திருப்பி விட வேண்டும் என்று கேட்பீர்கள். லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கு மேலும் 24 அங்குலத்துக்குக் கீழும் உள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது. நாளுக்கு ஐந்துதான், அதில் 24 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளது ஒன்றே ஒன்று. நல்ல சட்டம் என்பேன், முட்டையிடும் மீன் தப்புகிறது. பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் தாடை பிசகிவிடும். இன்னொரு கையால் வயிற்றைத் தாங்குங்கள், ஈரக்கையால்.

உரிமச் சீட்டு இல்லாமல் தூண்டில் போடக்கூடாது. நாள் கணக்கில் கிடைக்கும், நான் எடுத்து வைக்கிறேன். தக்கைகளைக் கட்டிக்கொண்டு வராதீர்கள், இந்த முறைக்கு அவை வேண்டியதில்லை. சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்