ஹம் நகரச் சின்னம்: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஜெர்மனியிலுள்ள ஹம் நகருக்கு 800 வயதாவதையொட்டி, அதன் சின்னத்தின் கதையைத் தமிழில் எழுதி எங்கள் தமிழ் வகுப்பில் காட்சிக்கு வைத்தோம். அதற்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்ல வேண்டும்.

முதல் நன்றி, ஆவணக் காப்பகத்தில் எங்களுக்காக நேரம் ஒதுக்கிய அம்மையாருக்கு. அவர் விளக்கிய நகரச் சின்னம் இது: பொன்னிறக் கேடயம், அதன் குறுக்கே சிவப்பும் வெள்ளியுமாக மூன்று வரிசைக் கட்டங்கள் கொண்ட பட்டை. இது இந்தப் பகுதியை ஆண்ட மார்க் பிரபுக்களின் குலச்சின்னம். 1225 நவம்பர் 7ஆம் திகதி, கெவெல்ஸ்பெர்க் அருகே கொலோன் பேராயர் எங்கெல்பெர்ட் கொல்லப்பட்டார். கொலைக்குத் தலைமை தாங்கிய பிரெடெரிக் வொன் இசென்பெர்க்கின் நியன்புறுக்கெ என்ற ஊரை அதற்காகவே இடித்துத் தள்ளினார்கள். வீடு வாசல் இழந்த அந்தச் சனங்களை, பிரெடெரிக்கின் உறவினரான மார்க் பிரபு அடோல்ஃப், லிப்பெ ஆறும் ஆசெ ஆறும் சேரும் இடத்தில் குடியேற்றினார். 1226ஆம் ஆண்டு சாம்பல் புதனன்று ஹம் உருவானது. நிறுவியவரின் சின்னமே நகரின் சின்னமும் ஆயிற்று. இதைக் கேட்டபோது, ஊரைவிட்டு இங்கே வந்து சேர்ந்த எங்கள் பெரியவர்கள் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மஞ்சளுக்கு மேல் வெள்ளை வைக்கக் கூடாதென்று படித்தேனே?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. சின்னக்கலையில், அதாவது கேடயச் சின்னங்களை அமைக்கும் கலையில், மஞ்சள் என்பது பொன், வெள்ளை என்பது வெள்ளி; இரண்டும் உலோகங்கள். உலோகத்தின் மேல் உலோகம் வராது. ஆனால் உலோகமும் நிறமும் மாறி மாறி வரும் கட்டங்களுக்கு அந்த விதி பொருந்தாது. அம்மையார் உருப்பெருக்கியை அவன் கையில் கொடுத்து, கட்டம் கட்டமாகப் பார்க்க வைத்தார்.

அப்புறம், பக்கத்து வீட்டு ஐயா. பிள்ளைகளை மார்க் கோட்டை மேட்டுக்கு அழைத்துப் போனவர் அவர்தான். பிரபுக்களின் பெயரே அந்தக் கோட்டையிலிருந்து வந்தது. இன்று மேடும் அகழியும்தான் மிச்சம். அந்த மேட்டில் நின்று அவர் சொன்ன கதையைப் பிள்ளைகள் இன்னும் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சின்னத்தைத் துணியில் தைத்துத் தந்த அன்ரிக்கும் மனமார்ந்த நன்றி. ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியாக வெட்டி, ஓரம் மடித்து, கையாலேயே தைத்தார். கிட்டப் போய்ப் பார்த்தாலும் ஒரு மூலைகூட விலகியிருக்காது. பலகைகளை ஏற்றி இறக்கிய இளைஞர்களுக்கும், தேநீர் ஊற்றிக் கொடுத்த அம்மாக்களுக்கும் நன்றி.

துணிச்சின்னம் இப்போது வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. விரும்பியவர்கள் வந்து பார்க்கலாம்.

அன்புடன்,
தமிழ் வகுப்புப் பெற்றோர் சார்பில்