பின்னேர ஆட்களைக் குறைக்காதே, மகள்

அன்புள்ள மகளுக்கு,

நீ கனடாவில் ஸ்காபரோக் கடையில் உதவி மனேஜராக வந்ததில் அம்மாவுக்கும் எனக்கும் பெரிய சந்தோசம். ஆனால் சனம் தாங்களே ஸ்கான் பண்ணும் மெசின்கள் வரப்போவதால், பின்னேர ஆட்களின் மணித்தியாலங்களைக் குறைத்து அட்டவணை போடச் சொல்கிறார்கள் என்றாய். போனில் ஆறுதலாகக் கதைக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போரால் யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டியிருந்த 1990களில் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் சீனி வந்தால் வரிசை ஒழுங்கை முகப்பு வரை நீளும். முணுமுணுப்பு இருக்கும், ஆனாலும் சண்டை வராது. ஒருவர் குடும்ப அட்டையில் பதிவார், ஒருவர் நிறுப்பார், ஒருவர் காசு வாங்குவார். வரிசை நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் சனம் பொறுத்துக்கொள்ளும்.

இப்போது இங்கே யாழ்ப்பாணத்திலும் சுப்பர்மார்க்கெட்டுகள் வந்துவிட்டன. ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் 2013இல் திறந்தது உனக்கு நினைவிருக்கும். இப்படியான கடைகள் வந்தது நல்லதென்றே நான் சொல்வேன். விலை ஒட்டியிருக்கும், யார் போனாலும் ஒரே விலை, பில்லும் கையில் வரும்.

ஆனால் அண்மையில் நகரத்தில் ஒரு கடையில் பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. ஒரு ஆச்சி கூழ் காய்ச்ச ஒடியல் மா கேட்டார். பெடியன் புழுக்கொடியல் மாவை எடுத்துக் கொடுத்தான். ஒடியல் அவிக்காமல் காயவைத்த பனங்கிழங்கு. அவித்துக் காயவைத்த கிழங்கின் மாவில் கூழ் சரிவருமா? அவனுக்கு அது தெரியாது, சொல்லிக்கொடுக்கவும் பக்கத்தில் ஆளில்லை. சோடாப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவனை அதற்குள் பில் போடவும் கூப்பிட்டார்கள். நாலு கவுண்டரில் ஒன்றுதான் திறந்திருந்தது. அதில் நின்ற பிள்ளை காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, முகத்தை நிமிர்த்தாமலே மிச்சக்காசை நீட்டியது. அந்தப் பிள்ளைகளில் எனக்குக் கோபமில்லை. அவர்களைத் தனியே விட்டவர்கள் மேல்தான் கோபம்.

இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கத்துச் சின்னக் கடைகளில் இந்தக் குறை இல்லை. எந்த வீட்டில் எந்த அரிசி சமைக்கிறார்கள் என்பது வரை முதலாளிக்குத் தெரியும். ஆனால் அங்கேயும் உதவிக்கு நிற்கும் பெடியன் விடிய வந்தால் இரவுதான் வீட்டுக்குப் போகிறான். அதை நல்ல கவனிப்பு என்று நான் ஏற்க மாட்டேன்.

மெசின் வரட்டும், அதைத் தடுக்க உன்னால் முடியாது. ஆனால் இங்கிலாந்தின் வடக்கில் பூத்ஸ் என்ற கடைக்காரர் தங்கள் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றில் அந்த மெசின்களை எடுத்துவிடுவதாக 2023இல் அறிவித்தார்கள். ஆட்களே பில் போட்டுக் கவனிப்பதைத்தான் அவர்கள் பெரிதாக நினைத்தார்கள். மனேஜரோடு கதைக்கும்போது இதைச் சொல்.

அப்புறம், கவுண்டரில் நிற்பவர்களுக்கு இருக்கை கேள். கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டுமென்று சட்டத்தையே திருத்தினார்கள். கால் கடுக்க நிற்கிற பிள்ளையிடம் "சிரி" என்று சொல்வது நியாயமில்லை, மகள்.

மணித்தியாலத்தைக் குறைத்தே ஆகவேண்டுமென்றால் சனம் குறைந்த காலையில் குறை. வேலை முடிந்து சனம் வரும் பின்னேரத்தில் கை வைக்காதே. பழைய ஆட்களில் சாமான் தெரிந்த ஒருவரையாவது எந்த நேரமும் ராக்கைகளுக்கிடையில் நிற்க விடு, அவரைப் பில் போட இழுக்காதே. மனேஜர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அப்பா