கூடாரங்களைக் கலைப்பதற்கு முன்: அமெரிக்க நகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பொருளாதாரம் சரியும்போதெல்லாம் ஆற்றங்கரைகளிலும் மேம்பாலங்களின் அடியிலும் வீடற்றோரின் கூடாரங்கள் பெருகுகின்றன. அவற்றை அகற்றுவதே தீர்வு என்று நகரங்கள் நம்புவதும் தொடர்கிறது. பெருமந்தக் காலத்தில், 1931-இல், சியாட்டிலில் வேலையிழந்தோர் கட்டிய குடிசைகளை அதிகாரிகள் இருமுறை தீக்கிரையாக்கினார்கள். மக்கள் மண்ணைத் தோண்டி, தகரக் கூரை போட்டு, அதே இடத்தில் மீண்டும் குடியேறினார்கள். அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற நிர்வாகம் சில நிபந்தனைகளோடு அவர்களை அங்கேயே இருக்கவிட்டது. 2008 நிதி நெருக்கடியை அடுத்து சாக்ரமெண்டோவில் ஆற்றங்கரையில் உருவான கூடார நகரம் 2009-இல் கலைக்கப்பட்டது. ஆனால் பின்வந்த ஆண்டுகளிலும் அந்த ஆற்றங்கரையில் கூடாரங்கள் முளைத்துக்கொண்டுதான் இருந்தன.

கலைப்பின்போது என்ன நடக்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பாருங்கள். குப்பை வண்டியில் வாரிப் போடப்படும் பையில் அழுக்குத் துணிகளோடு பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் சர்க்கரை நோய் மாத்திரையும் கைப்பேசியும் இருக்கின்றன. அந்த அட்டை இல்லாமல் வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ விண்ணப்பிப்பது கடினம். பல மாதக் காத்திருப்புக்குப் பின் வீடு ஒதுக்கப்பட்டு, அந்தச் செய்தியோடு களப்பணியாளர் வரும்போது கூடாரமும் இருப்பதில்லை, அழைக்க எண்ணும் இருப்பதில்லை. நகரத்தின் ஒரு துறை பணம் செலவழித்துச் செய்த வேலையை இன்னொரு துறை ஒரே காலையில் அழித்துவிடுகிறது. இது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

அருகில் வசிப்போர் தீ விபத்துக்கும் சுகாதாரக் கேட்டுக்கும் அஞ்சுவது நியாயமே. அதற்குக் கழிப்பறையும் குடிநீரும் முறையான குப்பை அகற்றலும் வேண்டும்.

தங்குமிடம் இல்லாதபோதும் பொது இடத்தில் உறங்குவோருக்கு அபராதம் விதிப்பது அரசியலமைப்புக்கு முரணாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது. அபராதம் விதித்தே ஆகவேண்டும் என்று அத்தீர்ப்பு எந்த நகரத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. பின்லாந்து 2008 முதல், முன்நிபந்தனை இன்றி முதலில் நிரந்தர வீட்டைக் கொடுத்து, மற்ற உதவிகளை அதன் பிறகு சேர்த்து, வீடற்றோர் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்தது.

எனவே, பூட்டக்கூடிய கதவுள்ள ஓர் அறையையாவது காட்ட முடியாத நிலையில் எவருடைய கூடாரத்தையும் பிரிக்க ஆணையிடாதீர்கள். பிரிக்க நேர்ந்தாலும், முன்கூட்டியே எழுத்து மூலம் அறிவித்து, ஆவணங்களையும் மருந்துகளையும் உரியவர் கையிலேயே ஒப்படைக்கும் விதியை உங்கள் அடுத்த கூட்டத்திலேயே நிறைவேற்றுங்கள்.

இப்படிக்கு,
அக்கறையுள்ள ஒரு குடிமகன்